நிரப்பிப் பார்த்த பிறகு நம்பு, கயல்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய பட்டியலை நிதானமாகப் படித்தேன். பிராசஸர், மதர்போர்டு, ராம் எல்லாம் உன் வேலைக்குப் பொருத்தமாகத்தான் இருக்கின்றன. கடைசி வரியில் 16 டெராபைட் வெளிப்புற எஸ்எஸ்டி என்று ஒன்று போட்டிருக்கிறாயே, அதை மட்டும் வாங்காதே. பெயர் பெற்ற நிறுவனத்தின் 1 டெராபைட் எஸ்எஸ்டியைவிடக் குறைந்த விலைக்கு 16 டெராபைட்டை எவராலும் தயாரித்து விற்க முடியாது. உள்ளே வைக்க வேண்டிய ஃபிளாஷ் சிப்புகளுக்கே அந்தப் பணம் காணாது.

பழுதுபார்க்கும் மேசையில் இப்படிப்பட்ட டப்பாக்களை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். பளபளப்பான உலோக உறை, உள்ளே ஒரு சின்ன யூஎஸ்பி போர்டு, அதில் செருகி பசை போட்டு ஒட்டிய மைக்ரோ எஸ்டி கார்டு. அவ்வளவுதான். அந்த கார்டின் உண்மையான கொள்ளளவு 64 ஜிபியாக இருக்கும், சிலதில் அதுவும் இருக்காது. ஆனால் கணினியில் செருகினால் 16 டெராபைட் என்றே காட்டும். ஏன் தெரியுமா? விண்டோஸோ லினக்ஸோ டிரைவை அளந்து பார்ப்பதில்லை. "உன் அளவு என்ன?" என்று டிரைவை இயக்கும் சிப்பான கன்ட்ரோலரைக் கேட்கும், அது சொல்வதை அப்படியே திரையில் போடும். போலி செய்பவன் கன்ட்ரோலருக்குள் இருக்கும் நிரலை, அதாவது ஃபர்ம்வேரை மாற்றி அந்தப் பதிலைத்தான் பொய்யாக்குகிறான்.

முதலில் போடுகிற கோப்புகள் நன்றாகவே இருக்கும். உண்மையான இடம் தீர்ந்த பிறகுதான் கேடு தொடங்கும். சில டிரைவுகள் ஆரம்பத்துக்கே திரும்பிப் போய் பழைய கோப்புகளின் மேல் எழுதும். சில, வாங்கிய தரவை எங்கேயும் வைக்காமல் "எழுதிவிட்டேன்" என்று மட்டும் சொல்லும். கோப்புப் பெயர், தேதி, அளவு எல்லாம் சரியாகவே தெரியும். பொருளடக்கம் அச்சாகி, உள்ளே தாள்கள் வெறுமையாக இருக்கும் புத்தகம் போல. திறந்து பார்க்கும் நாளில்தான் உனக்குத் தெரியவரும். அதற்குள் ரிட்டர்ன் செய்யும் காலம் முடிந்திருக்கும்.

இதற்காகத்தான் பதறுகிறேன், கண்ணு. பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். நீ பதிவு செய்து வருவது முதியவர்களின் நேர்காணல்கள். அவர்களில் சிலரிடம் மறுபடி போய்க் கேட்க முடியாது.

ஆகவே பென் டிரைவ், மெமரி கார்டு, எஸ்எஸ்டி எது வந்தாலும், ஒரு கோப்பைக்கூட அதில் போடும் முன் முழுவதும் நிரப்பித் திரும்பப் படித்துப் பார். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. இரண்டும் இலவசம். கடைசி பைட் வரை எழுதிவிட்டு, எழுதியதும் படித்ததும் ஒன்றுதானா என்று ஒப்பிடும். பெரிய டிரைவானால் பல மணி நேரம் ஆகும், ராத்திரி ஓடவிட்டுப் படுத்துக்கொள். அவசரமென்றால் கிப்சன் ரிசர்ச் வெளியிட்ட வேலிடிரைவ் இருக்கிறது. அது டிரைவ் முழுக்கப் பரவலாகச் சில இடங்களில் மட்டும் எழுதிப் படித்து, சில நிமிடங்களில் பொய்யைக் காட்டிவிடும். நாலு வீடியோவை காப்பி செய்து, ஓடுகிறதே என்று திருப்திப்படுவது சோதனை ஆகாது.

கிராபிக்ஸ் கார்டிலும் இதே தந்திரம்தான். 2010-இல் வந்த என்விடியா ஜிடிஎஸ் 450 கார்டின் பயாஸை, அதாவது அதன் உள்நிரலை மாற்றி, 2016-இன் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்றார்கள். விண்டோஸும் அந்தப் பெயரையே காட்டும். இந்த மோசடி பெருகியதால்தான் 2018-இல், கிராபிக்ஸ் கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் நிரலில் போலி என்விடியா கார்டுகளை அடையாளம் காட்டும் வசதியைச் சேர்த்தார்கள். பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்றே எழுதிக் காட்டும். கண்ணால் பார்த்தே பிடிக்கவும் ஒரு வழி உண்டு. 1050 டிஐ பாஸ்கல் தலைமுறையைச் சேர்ந்தது, அந்தத் தலைமுறையில் பழைய மானிட்டர்களுக்கான அனலாக் வெளியீடு கிடையாது. எனவே கார்டில் நீல நிற விஜிஏ துளை இருந்தால் சந்தேகப்படு. நீ செகண்ட் ஹேண்ட் கார்டு பார்ப்பதாகச் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

பிராசஸரில் ஆபத்து வேறு வழியாக வரும். யாரோ வாங்கி, நல்லதை எடுத்துக்கொண்டு, பழையதைப் பெட்டிக்குள் வைத்துத் திருப்பி அனுப்புவான். கிடங்கில் அதைச் சரியாகப் பார்க்காமல் அடுத்தவருக்கு அனுப்பிவிடுவார்கள். 2017-இல் ஏஎம்டியின் ரைசன் பிராசஸர் பெட்டிக்குள் பழைய இன்டெல் பிராசஸர் வந்ததாகப் பலர் படத்தோடு புகார் சொன்னார்கள். மேலே ரைசன் என்றிருந்தது, திருப்பிப் பார்த்தால் பின்களே இல்லை. ஏஎம்4 என்ற சாக்கெட்டில் பொருந்தும் ரைசனின் அடியில் 1,331 பின்கள் இருக்க வேண்டும். மேல்பக்க எழுத்தை யார் வேண்டுமானாலும் தேய்த்து மறுபடி பொறிக்கலாம், அடிப்பக்கத்தை அப்படி மாற்ற முடியாது. நேர்மையான கடையில் வாங்கினாலும் திருப்பிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இனி ஹார்டு டிஸ்க். காப்புப்பிரதிக்கு நீ வாங்கப்போவது இதைத்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைஸே இதழ் ஒன்றை வெளிக்கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள் புதியவை என்று விற்கப்பட்டிருந்தன. அவற்றில் பல, சியா என்ற மெய்நிகர் நாணயத்துக்காக ஓடியவை என்று கருதப்பட்டது. எத்தனை மணி நேரம் ஓடியது என்று சொல்லும் ஸ்மார்ட் கணக்கை யாரோ பூஜ்யமாக்கியிருந்தார்கள். ஆனால் சீகேட் டிஸ்க்குக்குள் ஃபார்ம் என்று இன்னொரு பதிவு உண்டு, அதில் உண்மையான மணிக்கணக்கு அப்படியே இருந்தது. டிஸ்க்கைச் சோதிக்கும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் நிரலின் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் அந்தப் பதிவைப் படிக்கலாம். புது டிஸ்க்கில் இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ஸ்மார்ட்டில் பூஜ்யம், ஃபார்மில் பத்தாயிரம் என்றால் அன்றைக்கே திருப்பி அனுப்பு. சீரியல் நம்பரையும் நிறுவனத்தின் வாரண்டி பக்கத்தில் போட்டுப் பார். பழைய டிஸ்க் என்றால் வாரண்டி முன்பே முடிந்திருக்கும், அல்லது வேறொரு கணினி நிறுவனத்துக்கு விற்றது என்று வரும்.

"வேலை செய்கிறதல்லவா, போலியாக இருந்தால் என்ன?" என்று ஒருமுறை கேட்டாய். 2014-இல், யூஎஸ்பி இணைப்புச் சிப்புகள் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனம் விண்டோஸ் அப்டேட் வழியாக ஒரு டிரைவர் மென்பொருளை வெளியிட்டது. அவர்களுடைய சிப்பின் போலி இருந்த கருவிகளின் அடையாள எண்ணை அது பூஜ்யமாக்கியது, அதன்பிறகு கணினி அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. தங்கள் கருவிக்குள் போலி சிப் இருப்பதே அவற்றை வாங்கியவர்களுக்குத் தெரியாது. 2020-இல் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான எஃப்-செக்யூர் ஆராய்ந்த போலி சிஸ்கோ நெட்வொர்க் சுவிட்சுகளும் மென்பொருளைப் புதுப்பித்ததும் வேலை செய்யாமல் போனவைதான். இன்று ஓடுவது நாளைக்கும் ஓடும் என்பதற்கு உறுதி கொடுக்க அங்கே ஆளில்லை.

வாங்கும் இடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தளத்தின் பெயர் பெரியதாக இருப்பதால் பொருளை விற்பவரும் அவரே என்று ஆகாது. பக்கத்தில் 'விற்பவர்' என்று சின்ன எழுத்தில் இருக்கும் பெயரைப் படி. அதைவிட நல்லது, தயாரிப்பாளரின் சொந்த இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் பட்டியலைப் பார்த்து, அங்கிருந்தே போவது. அந்த மாடல் உண்மையில் இருக்கிறதா என்றும் அங்கேயே பார். சாம்சங் வெளியிடாத '1080 ப்ரோ' என்ற பெயரிலேயே எஸ்எஸ்டி விற்றவர்கள் உண்டு. சாம்சங் என்று ஏதாவது வாங்கினால் அவர்களுடைய மெஜிஷியன் மென்பொருளில் அது அசல் என்று வருகிறதா என்றும் பார்.

ரிவ்யூவில் நட்சத்திரத்தை எண்ணாதே. எழுதியிருப்பது இந்தப் பொருளைப் பற்றித்தானா என்று பார். எஸ்எஸ்டிக்குக் கீழே "போன் கவர் அழகாக இருக்கிறது" என்றிருந்தால், பழைய பொருளின் பக்கத்தையே இதற்கு மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். வந்த அன்றே ஐந்து நட்சத்திரம் போட்டவர்களுக்குக் கொள்ளளவு பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. சில மாதம் கழித்து எழுதியவர்களைத் தேடிப் படி.

சார்ஜரும் லேப்டாப் பேட்டரியும் மட்டும் தயாரிப்பாளரிடமிருந்தே வாங்கு, விலை கூடுதலானாலும் பரவாயில்லை. போலி சார்ஜரில் மின்சாரம் வரும் பக்கத்துக்கும் உன் கை படும் பக்கத்துக்கும் இடையே போதிய இடைவெளி இருக்காது. அதை எந்த மென்பொருளாலும் சோதிக்க முடியாது. இதில் எனக்காகவாவது பிடிவாதம் பிடிக்காதே.

பார்சல் வந்ததும் முகவரி ஸ்டிக்கரிலிருந்து சீரியல் நம்பர் வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்துக்கொண்டே பிரி. சோதனை முடியும் வரை பெட்டியையும் பில்லையும் தூக்கிப் போடாதே. ஏதாவது சரியில்லை என்றால் தளத்தின் வழியாகவே புகார் செய். விற்பவன் தனியாக அழைத்து, "பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பாதிப் பணம் தருகிறேன்" என்பான். ஒத்துக்கொள்ளாதே. ரிட்டர்ன் கணக்கில் வராமல் தப்பிக்க அவன் செய்கிற ஏற்பாடு அது. போலி என்று தெரிந்ததை இன்னொருவருக்கு விற்கவும் வேண்டாம், சும்மா கொடுக்கவும் வேண்டாம்.

புது ஹார்டு டிஸ்க் வந்ததும் ஸ்மார்ட், ஃபார்ம் இரண்டின் பதிவையும் எனக்கு அனுப்பு, போனில் சேர்ந்தே பார்க்கலாம். நான் சரி என்று சொல்லும் வரை கேமராவில் இருக்கும் மெமரி கார்டுகளில் ஒன்றைக்கூட அழிக்காதே.

அன்புடன்,
அம்மா