குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இரண்டு ஃபில்டர்கள்

அன்புள்ள மகளுக்கு,

நலம். உன் நலமறிய ஆவல்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசும்போது, காரில் ஏசியைப் போட்டதும் முதல் சில நிமிடங்களுக்கு நனைந்த சாக்கு போன்ற ஒரு வாடை வருகிறது என்றும், விசிறியை நான்காம் எண்ணில் வைத்தாலும் இரைச்சல்தான் கூடுகிறதே தவிரக் காற்று முகத்தில் படுவதில்லை என்றும் சொன்னாய். கேஸ் குறைந்திருக்கும், ஒர்க்‌ஷாப்பில் காட்டி நிரப்பிக்கொள்கிறேன் என்று முடிவையும் நீயே சொல்லிவிட்டாய். அதற்கு மேல் பேச உனக்கு அன்று நேரமில்லை. ஆனால் அந்தக் காரைப் பதினோரு ஆண்டுகள் ஓட்டிவிட்டு உன் கையில் கொடுத்தவள் நான். கேஸ் நிரப்பப் போவதற்கு முன்னால் நீயே உன் கையால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் ஃபில்டரை மாற்றுவது. அதை விரிவாக எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

கேஸ் குறைந்த வண்டியில் காற்று வேகமாகத்தான் வரும். அதில் குளிர்ச்சி இருக்காது. நீ சொன்னது அப்படியில்லை. துவாரத்தின் மேல் கையை வைத்தால் வருகிற கொஞ்சக் காற்றும் சில்லென்று இருக்கிறது என்றாய். குளிரூட்டும் பகுதி தன் வேலையைச் செய்கிறது, அதன் வழியே போக வேண்டிய காற்றைத்தான் ஏதோ மறிக்கிறது என்று எனக்கு அப்போதே தோன்றியது. மழை நாளில் முன்கண்ணாடியின் உட்புறம் படியும் ஆவி முன்பு போலச் சட்டென்று தெளிவதில்லை என்று போன மாதம் வேறொரு பேச்சின் நடுவே நீ சொன்னதையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். இப்படியே விட்டால், காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயிலில், போதிய காற்று மேலே படாததால், பனி உறைந்து, நீண்ட தூரம் ஓட்டும் ஒரு நாளில் இப்போது வருகிற காற்றும் நின்றுபோகக்கூடும்.

முன்கண்ணாடியின் அடியில், வைப்பர்களுக்குக் கீழே சல்லடை போன்ற ஒரு பிளாஸ்டிக் பகுதி இருக்கிறதல்லவா, வெளிக்காற்று உள்ளே நுழையும் வாய் அதுதான். டாஷ்போர்டுக்குள் இருக்கும் ப்ளோயர் விசிறி அந்தக் காற்றை இழுத்து, கூலிங் காயிலின் ஊடாகச் செலுத்தி, நம் முகத்துக்கு நேரே இருக்கும் துவாரங்களுக்கு அனுப்புகிறது. இந்தப் பாதையின் நடுவே கொசுவம் போல மடிப்பு மடிப்பாக ஒரு வடிகட்டி நிற்கிறது. பெட்டியில் கேபின் ஃபில்டர் என்று அச்சிட்டிருக்கும். மெக்கானிக்குகள் ஏசி ஃபில்டர் என்பார்கள். போனட்டைத் திறந்ததும் கறுப்புப் பெட்டிக்குள் இருப்பது இன்ஜினுக்கான ஏர் ஃபில்டர், அது வேறு. ஏர் ஃபில்டரை மாற்றியாயிற்று என்று யாராவது உன்னிடம் சொன்னால், எந்த ஃபில்டரை என்று கேட்டுத் தெரிந்துகொள்.

பார்வைக்குக் காகிதம் போலிருந்தாலும் இந்த ஃபில்டர் பெரும்பாலும் செயற்கை இழைகளால் ஆன, நெய்யாத துணியாகவே இருக்கும். அந்த இழைகளில் தயாரிக்கும்போதே நிலைமின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். அதனால் இழைகளுக்கு இடையே புகுந்துபோகக்கூடிய நுண்தூசியும் அவற்றில் ஒட்டிக்கொள்ளும். நம் தலைமுடியின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். பூந்தாது பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். இவற்றைச் சாதாரண ஃபில்டரே நிறுத்திவிடும். 2.5 மைக்ரானுக்கும் குறைந்த புகைத்துகள்தான் கடினமானது. மின்னூட்டம் பயன்படுவது அங்கேதான். சாம்பல் நிறத்தில் வரும் இன்னொரு வகையில் ஆக்டிவேட்டட் கார்பன் என்னும் பதப்படுத்திய கரி ஓர் அடுக்காக இருக்கும். வாடையையும், ஓசோன், நைட்ரஜன் டையாக்சைடு போன்ற வாயுக்களையும் அது ஓரளவுக்கு உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் கார்பன் மோனாக்சைடை அந்தக் கரி பிடிக்காது. காருக்குள் சைலன்சர் புகையின் நெடி வந்தால் அதை ஃபில்டரின் கணக்கில் சேர்க்காதே. கண்ணாடிகளை இறக்கிவிட்டு அன்றைக்கே வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போ. இதில் நீ சுணக்கம் காட்டக் கூடாது என்று உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

காருக்குள் வரும் காற்றை வடிகட்டுவது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1938இலேயே வெளிக்காற்றை வடிகட்டிச் சூடாக்கி உள்ளே அனுப்பும் ஏற்பாட்டைத் தன் கார்களில் கொடுத்தது. ஆனாலும் எல்லோருடைய கார்களுக்கும் அது வந்துசேர வெகுகாலம் ஆயிற்று. பழைய கார்கள் சிலவற்றில் ஃபில்டருக்கான இடம் மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

நம் காரில் இருப்பது இரண்டு. நான் மிகத் தாமதமாகத் தெரிந்துகொண்ட செய்தி இது. டாஷ்போர்டில் சாமான் வைக்கும் பெட்டியான குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் திறப்பு ஒன்றுதான். ஆனால் உள்ளே ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு ஃபில்டர்கள் நிற்கின்றன. முதல் ஆறு ஆண்டுகள் நான் வண்டியை ஒரே ஒர்க்‌ஷாப்பில்தான் சர்வீஸுக்கு விட்டேன். ஆண்டுதோறும் பில்லில் ஃபில்டர் மாற்றியதாகவே எழுதியிருந்தார்கள். பிறகு ஒரு விடுமுறை நாளில் வண்டியோடு வந்த கையேட்டை வைத்துக்கொண்டு நானே திறந்து பார்த்தபோது, கீழே இருந்தது ஓரளவு வெளுப்பாக இருந்தது. அதை எடுத்ததும் மேலேயிருந்து இன்னொன்று தானாக நழுவி என் கையில் இறங்கியது. மடிப்புகளே தெரியாதபடி அதன் மேல் சாம்பல் நிறத்தில் கம்பளி போல ஒரு படலம். அதில் பொடிந்த சருகுகள், பூச்சிச் சிறகுகள், ஒரு மூலையில் ஈரம் பட்டுக் கறுத்துப் பூத்த பூஞ்சை. வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நாள் முதல் அது அங்கேயே இருந்திருக்கிறது. நீ பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் காலையில் காரில் ஏறியதும் அடுக்கடுக்காகத் தும்முவாய். குளிர்க்காற்று உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் ஏசியைக் குறைப்பேன். தும்மலுக்கு அந்த ஃபில்டர்தான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. அன்று முதல் இந்த வேலையை நான் வேறு யாரிடமும் விட்டதில்லை. உன்னிடம் கொடுப்பதற்கு முன் கடைசியாக மாற்றி இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன.

வாங்கும்போது காரின் பெயரை மட்டும் சொல்லாமல், தயாரித்த ஆண்டையும் எந்த வகை என்பதையும் சொல். ஒரே பெயரில் வந்த காரிலும் இடையில் அளவை மாற்றியிருப்பார்கள். பழையதை வெளியே எடுத்து நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அளந்து குறித்துக்கொண்டு போவது இன்னும் நல்லது. சற்றுச் சிறியதாக இருந்தால் காற்று ஃபில்டருக்குள் நுழையாமல் ஓரத்து இடைவெளி வழியாகப் போய்விடும். எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும் பிறகு பயனில்லை. நெரிசலான சாலையில் தினமும் போகிறவள் என்பதால் கரி வைத்த வகையையே வாங்கு. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும்.

இனி வேலைக்கு வருகிறேன். பகல் வெளிச்சத்தில், வண்டி சிறிது நேரம் வெயிலில் நின்ற பிறகு தொடங்கு. பதின்மூன்று ஆண்டுப் பழைய பிளாஸ்டிக் குளிரில் எளிதில் முறியும், கொஞ்சம் சூடேறினால் இளகிக் கொடுக்கும். இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடு. முகக்கவசம் போட்டுக்கொள், பழைய ஃபில்டரை அசைத்ததும் உதிரும் தூசி நேரே உன் மூக்குக்குத்தான் வரும். குளோவ் பாக்ஸைக் காலி செய்து, அதன் கதவைத் திறந்து, கதவு டக்கென்று விழாமல் பிடித்துக்கொள்ளும் மெல்லிய கயிறு ஒரு பக்கத்தில் கொக்கியில் மாட்டியிருப்பதைப் பார். கொக்கியைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கழன்றுவிடும். முன்பக்கமாக இழுத்தால் உடையும். பிறகு பெட்டியின் இரு பக்கச் சுவர்களையும் உள்ளங்கைகளால் உள்நோக்கி அழுத்தினால், தடுத்துக்கொண்டிருக்கும் முனைகள் விலகி, பெட்டி முழுவதுமாகக் கீழே தொங்கும். பின்னால் உள்ள ஒயர்களில் மஞ்சள் உறையிட்டோ மஞ்சள் கனெக்டருடனோ வருபவை ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றைத் தொடாதே.

உள்ளே செங்குத்தாக ஒரு குறுகிய மூடி தெரியும். அதன் மேலும் கீழும் உள்ள கிளிப்புகளை விரலால் அழுத்தினால் மூடி கையோடு வந்துவிடும். ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டாம். மூடியை எடுத்ததும் உடனே ஃபில்டரை இழுத்துவிடாமல், அதன் விளிம்பில் இருக்கும் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள். கீழே உள்ளதைச் சாய்க்காமல், மெதுவாக, நேராக வெளியே இழு. சாய்த்தால் மேலே தங்கியிருக்கும் சருகுகள் ப்ளோயருக்குள் விழும். பிறகு விசிறியைப் போடும்போதெல்லாம் டிக்டிக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அடுத்து, காலியான இடத்தில் விரல்களை விட்டு மேலே உள்ளதைக் கீழே இறக்கி, அதையும் அதே போல் வெளியே எடு. விளக்கு அடித்து உள்ளே பார்த்து, தூசி இருந்தால் வேக்குவம் கிளீனரின் குறுகிய முனையால் உறிஞ்சிவிடு. திறப்பு மூடாமல் இருக்கும்போது ப்ளோயரைப் போடக் கூடாது.

புதியவற்றை வைக்கும்போது வரிசை தலைகீழ்: முதல் ஃபில்டரை உள்ளே தள்ளி மேலே உயர்த்திய பிறகு, அதன் அடியில் இரண்டாவதைச் செருக வேண்டும். பலர் தவறுவது அம்புக்குறியில்தான். அம்பு காற்று எந்தத் திசையில் போகிறது என்பதைக் காட்டும். ஆனால் சில தயாரிப்புகளில் அம்பு இருக்க வேண்டிய இடத்தில் எந்தப் பக்கம் மேலே என்பதை மட்டும் அச்சிட்டிருப்பார்கள். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்பிவிடாதே. ஐயம் வந்தால் பழைய ஃபில்டரைப் பார்: அழுக்கு அப்பியிருக்கும் பக்கம் காற்று வந்து மோதும் பக்கம். அடுக்குகள் ஒரு காரணத்தோடு வைக்கப்பட்டவை. பெரிய தூசியைத் தாங்கும் அடுக்கு முன்னால் நிற்க வேண்டும். திருப்பிப் போட்டால் நுண்ணிய அடுக்கு விரைவிலேயே அடைத்துக்கொள்ளும்.

பழையதைத் தட்டியோ கழுவியோ திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. கழுவிப் பயன்படுத்தலாம் என்று குறிப்பிட்டே விற்பவை வேறு. நம் வகையில் தண்ணீர் பட்டால் மின்னூட்டம் போய்விடும். அழுத்தக் காற்றை அடித்தால் இழைகள் கிழியும். கரி அடுக்கு நிறைந்துவிட்டதா என்பதும் கண்ணுக்குத் தெரியாது. வெளுப்பாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது.

வைப்பர்களுக்குக் கீழே தேங்கியிருக்கும் சருகுகளையும் அதே நாளில் அள்ளிப் போட்டுவிடு. அங்குள்ள வடிகால் அடைபட்டால் மழைநீர் ஃபில்டர் வரைக்கும் வந்து சேரும். ஃபில்டரை மாற்றியும் வாடை மிச்சமிருந்தால், எப்போதும் நனைந்தபடியே இருக்கும் கூலிங் காயிலில் பூஞ்சை பிடித்திருக்கலாம். அதைச் சுத்தம் செய்யச் சொல். அதன் பிறகு, போய்ச் சேர இரண்டு மூன்று நிமிடங்கள் இருக்கும்போதே ஏசியை அணைத்து விசிறியை மட்டும் ஓட விட்டால் காயில் உலர்ந்துவிடும். இந்தப் பழக்கத்தை நான் ஐந்து ஆண்டுகள் விடாமல் கடைப்பிடித்தேன். அந்த வாடை எனக்குத் திரும்பி வரவே இல்லை.

இனி ஓராண்டுக்கு ஒரு முறை அல்லது 15,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்று. தூசி நிறைந்த சாலைகளில் அதிகம் ஓடினால் அதற்கும் முன்பே. நீ வெளியே எடுக்கப்போகும் இரண்டின் விளிம்பிலும் நான் மாற்றிய தேதியும் அன்றைய கிலோமீட்டரும் என் கையெழுத்தில் இருக்கும். புதியவற்றில் நீயும் அப்படியே எழுதி உள்ளே வை. மேலே இருப்பது இறங்கி வர மறுத்தால் வலுவாக இழுக்காமல் என்னைக் கூப்பிடு. வீடியோவில் பார்த்து எங்கே தட்டுகிறது என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா