ரகுவுக்கு, அந்த வழிகாட்டிப் பையனைப் பற்றி

அன்புள்ள ரகு,

அம்மா எழுதுகிறேன். போனில் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. அக்காவின் சின்னவன் நடக்க ஆரம்பித்துவிட்டான், எதையும் விட்டுவைப்பதில்லை.

என்னோடு வேலை பார்க்கும் லலிதாவின் மகளும் மாப்பிள்ளையும் டிசம்பரில் நார்வே போய் வந்தார்கள். முன்னாலேயே தெரிந்திருந்தால் உன் நம்பரைக் கொடுத்திருப்பேன். நீ இருக்கும் டிராம்சோவில்தான் தங்கியிருக்கிறார்கள். வடதுருவ ஒளி பார்க்க ஒரு ராத்திரிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். அந்த வண்டிக்கு வழிகாட்டி ஒரு தமிழ்ப் பையனாம். பெயர் 'ராக்' என்று சொன்னானாம். ராகவனா ராகுலா என்று இவர்கள் கேட்கவில்லை. லலிதா வீடியோவைக் காட்டினாள். முகமெல்லாம் துணி சுற்றி, கண் மட்டும்தான் தெரிகிறது. தலையில் நீலக் கம்பளித் தொப்பி, இடது காதுப் பக்கம் தையல் கோணலாக. அந்த வீடியோவை எனக்கும் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன், நார்வே எப்படி இருக்கிறது என்று பார்க்கலாமே என்று.

ஊர் சின்னதுதானே, எண்பதாயிரம் பேர்கூட இருக்க மாட்டார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். அந்தப் பையனை உனக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன்.

நன்றாகப் பேசுகிறான், அதைச் சொல்லியே ஆக வேண்டும். வண்டியில் ஒரு பெரியவர் போனைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு கேபி எண் 2தான் காட்டுகிறது, ஒன்றும் தெரியாது என்று சலித்துக்கொள்கிறார். இவன் பொறுமையாக, அந்த எண் பூமியின் காந்தக் கலக்கத்தை 0 முதல் 9 வரை மொத்த பூமிக்கும் சேர்த்துப் போடும் கணக்கு, துருவத்தைச் சுற்றி இந்த ஒளி தோன்றும் வளையத்துக்கு நேர் கீழேயே டிராம்சோ இருப்பதால் இங்கே 1, 2 போதும், நமக்கு எதிரி மேகம்தான் என்கிறான். சூரியனிலிருந்து வந்து இந்த ஒளியை உண்டாக்கும் துகள் காற்றை 15 லட்சம் கிலோமீட்டருக்கு முன்னாலேயே விண்கலங்கள் பார்த்துச் சொல்லிவிடுமாம். ஆனால் அங்கிருந்து அது நம்மை வந்து சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் ஆகுமாம். சூரியனை ஆராயும் நம் விண்கலம் ஆதித்யா எல்-1 நிற்பதும் அங்கேதான் என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாரே, அந்த இடம். அப்பா எங்கே ஆரம்பித்தாலும் நீ ஆராய்ச்சி செய்யும் ரேடாரில் வந்துதான் முடிப்பார்.

அப்புறம் ஒரு பெண், கேமராவில் இவ்வளவு பச்சையாக இருக்கிறதே, என் கண்ணுக்கு ஏன் அடுப்புப் புகை மாதிரி சாம்பலாகத் தெரிகிறது, ஏமாற்றுகிறீர்களா என்று கேட்கிறாள். இவன் கோபப்படவில்லை. மங்கிய வெளிச்சத்தில் கண்ணுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது, கேமரா பல நொடிகளுக்கு ஒளியைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது, ஒளி பலமாக வந்தால் கண்ணுக்கும் பச்சை தெரியும், போனை அணைத்துவிட்டு இருபது நிமிடம் இருட்டிலேயே நில்லுங்கள் என்றான். பச்சை 100 கிலோமீட்டருக்கு மேலே இருக்கும் ஆக்சிஜனிலிருந்து, அதற்கும் மேலே 200ஐத் தாண்டினால் அதே ஆக்சிஜன் சிவப்பு, கீழ் ஓரத்தில் ஊதா தெரிந்தால் நைட்ரஜன் என்று கையை உயர்த்தி உயர்த்திக் காட்டுகிறான். பார்த்துக்கொண்டே இருந்தேன். வகுப்பு எடுக்கவே பிறந்த பிள்ளை. இப்படிப்பட்டவன் ஏன் ராத்திரி வண்டியோடு போய்க்கொண்டிருக்கிறான் என்று லலிதாவே கேட்டாள். எல்லா வேலையும் வேலைதான் என்றேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த வண்டியை ஓட்டுவது யார்? வீடியோவில் வேறு ஆளே தெரியவில்லை. சாயங்காலம் ஆறரைக்குக் கிளம்பியிருக்கிறார்கள். கடலோரம் முழுக்க மேகமாம். அதனால் மலைகளுக்குப் பின்னால் ஷிபோட்ன் பள்ளத்தாக்குக்குப் போய், அங்கேயும் சரியில்லை என்று எல்லை தாண்டி பின்லாந்தில் கில்பிஸ்யார்வி வரை போயிருக்கிறார்கள். ஒரு வழிக்கே 150 கிலோமீட்டருக்கு மேல். டிராம்சோவில் வெதுவெதுப்பான கடல் நீரோட்டத்தால் குளிர் அவ்வளவு இருக்காது, உள்ளே போகப் போகத்தான் மைனஸ் இருபதுக்கும் கீழே இறங்கும் என்று நீதான் முதல் வருஷம் எழுதினாய். அந்தக் குளிரில் அவனே ஓட்டி, அவனே எல்லோருக்கும் குளிர் உடுப்பு மாட்டிவிட்டு, அவனே நெருப்பு மூட்டி, சூடாக ஏதோ ஊற்றிக் கொடுத்து, அவனே கேமரா முக்காலியை நட்டு ஒவ்வொருவரையும் படம் எடுத்து, ராத்திரி இரண்டு மணிக்கு எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு தூங்க, அவனே ஐஸ் படிந்த ரோட்டில் திரும்ப ஓட்டி வர வேண்டுமா? ஆணி வைத்த டயர் போட்டிருப்பார்கள், தெரியும். டயருக்கு ஆணி வைக்கலாம். தூக்கம் சொக்கும் கண்ணுக்கு என்ன வைப்பது? மூஸ் மான்கள் வேறு குறுக்கே வருமாம், ஒவ்வொன்றும் குதிரை அளவு.

காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிப் போக நார்வேயில் தனி அனுமதி வேண்டும் என்று படித்தேன். அந்தப் பையனிடம் அது இருக்கிறதா என்று கேள். படிப்புக்காகப் போன பிள்ளையாக இருந்தால், அவனுடைய விசாவில் இந்த வேலைக்கு இடம் உண்டா என்றும் கேள். சொல்லிக் கொடுக்க அவனுக்கு அங்கே பெரியவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

நீ தூங்குகிறாயா? முன்னெல்லாம் உனக்குக் காலை எட்டு மணிக்கே போன் வரும், பஸ்ஸுக்கு நடந்துகொண்டே பேசுவாய், பனி நொறுங்கும் சத்தம் கேட்கும். இப்போது மதியத்துக்கு மேல்தான் எடுக்கிறாய். குரல் கரகரவென்று இருக்கிறது. கேட்டால் குளிர் என்கிறாய். குளிரில் கரகரக்கும் குரலுக்கும் அப்போதுதான் எழுந்த குரலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை அங்கே சூரியனே எழாது. அந்த நாட்களில் எப்போது படுக்கிறோம், எப்போது எழுகிறோம் என்பதே உடம்புக்கு மறந்துபோகும். மீன் எண்ணெய் மாத்திரையை விடாதே.

பிர்க்லாண்டைப் பற்றி நீ எழுதியதை வைத்திருக்கிறேன். காற்றில்லாத கண்ணாடிப் பெட்டிக்குள் காந்த உருண்டையைத் தொங்கவிட்டு, அதைச் சுற்றி இந்த ஒளியைச் செய்து காட்டினாரே, நார்வேக்காரர்கள் தங்கள் 200 குரோனர் நோட்டில்கூட முகத்தைப் போட்டார்களே, அவர்தான். வீடியோவில் அந்தப் பையனும் அந்தக் கதையைச் சொல்கிறான், ஏறக்குறைய உன் வார்த்தைகளிலேயே. ஆனால் பாதியில் நிறுத்திவிடுகிறான். மீதியை நான் தேடிப் படித்தேன். அந்த மனிதருக்குத் தூக்கமே வராமல் போயிற்று. தூக்கத்துக்கு வெரோனல் என்ற மருந்தை எடுத்து எடுத்து, 1917ல் டோக்கியோவில் ஒரு ஓட்டல் அறையில் அளவு மீறிப்போய் இறந்து கிடந்தார். 49 வயது. வீட்டை விட்டு எவ்வளவு தூரம் பார். உலகமே பிறகு ஒத்துக்கொண்ட விஷயத்தைக் கண்டுபிடித்தவர், உயிரோடு இருந்தவரை பலபேர் நம்பவில்லை. விண்கலம் போய்ப் பார்த்த பிறகுதான் சரி என்றார்கள். தூங்கு, ரகு. எந்த வேலையாக இருந்தாலும் தூங்கிவிட்டுச் செய்.

அங்கே ஆராய்ச்சி மாணவர்களுக்குச் சம்பளம் கொடுத்து 3 வருஷம், பாடமும் நடத்தினால் 4 வருஷம் என்று போகும்போது சொன்னாய். நானும் காலண்டர் பார்க்கிறவள்தான். ஆனால் அதைப் பற்றி எழுத இதைத் தொடங்கவில்லை. ராம்ஃப்யோர்ட்மோன் ரேடார் எப்படி இருக்கிறது, உன் பேராசிரியர் எப்படி இருக்கிறார் என்று அப்பா கேட்கச் சொன்னார். அவர் கேட்டார் என்று எழுதிவிட்டேன், பதில் வேண்டும் என்று எழுதவில்லை. வீடியோவை அவருக்கு நான் காட்டவில்லை.

ஏர்போர்ட்டில் அப்பா சொன்னதை நீ இன்னும் மனதில் வைத்திருக்கிறாயா? அவர் சொன்ன மறுநாளே மறந்துவிட்டார். சொல்லிவிட்டு மறப்பவர்களோடு வாழ்வது எப்படி என்று உனக்கும் அக்காவுக்கும் நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அக்காவுக்கு வந்துவிட்டது.

கோபமும் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். லலிதாவின் மாப்பிள்ளைக்கு, யாரோ ஒருவருக்கு, பனியில் முட்டி போட்டு உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிவிடுகிறான் அந்தப் பையன். ஒரு அளவு பெரிய பூட்ஸ் போடுங்கள், இறுக்கமாக இருந்தால் கால் சீக்கிரம் விறைக்கும், பருத்தி உள்ளாடை கூடாது, கம்பளிதான், விரல் பிரிந்த கையுறையை விட ஒன்றாக மூடியதுதான் நல்லது, பேட்டரியைச் சட்டைக்குள் வையுங்கள் என்று அத்தனை அக்கறை. பெற்றவளுக்கு நாலு வரி எழுத நேரமில்லை. அவன் அம்மாவுக்குச் சொல்கிறேன்.

அவன் சீட்டி அடிக்கிறான், வீடியோவின் கடைசியில். வடதுருவ ஒளியைப் பார்த்துச் சீட்டி அடிக்கக் கூடாது, அது இறங்கி வந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்று சாமி என்ற அந்த ஊர்ப் பழங்குடி மக்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது என்று அவனே சொல்லிவிட்டு, கூட்டம் சிரிக்க, இரண்டு சுரம் அடிக்கிறான். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த மண்ணின் மக்கள் வேண்டாம் என்பதைச் செய்து வெளியூர்க்காரர்களைச் சிரிக்கவைக்க வேண்டியதில்லை. சுரம் மட்டும் சுத்தமாக இருந்தது.

இன்னொன்று. இந்தச் சீசன் செப்டம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரைதான். அப்புறம் ராத்திரி வெளுத்துவிடும், மே பாதி தாண்டினால் ஜூலை பாதி தாண்டும் வரை சூரியன் மறையவே மறையாது. அந்த மாதங்களில் அவனுக்கு என்ன வருமானம்? வீட்டு வாடகை? கேட்டுச் சொல். விட்ட படிப்பை அந்தக் கோடையில் உட்கார்ந்து எழுதிவிட முடியுமா என்றும் கேள். முடியாது என்றால் முடியாது. ராத்திரி வேலைதான் அவனுக்குப் பிடித்திருக்கிறது என்றால் அதையும் அவன் வாயாலேயே சொல்லட்டும். யாரோ காட்டும் வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி வைக்க வேண்டாம்.

நானும் அப்பாவும் மார்ச் மூன்றாவது வாரம் அங்கே வரலாம் என்று இருக்கிறோம். பகலும் இரவும் சமமாகும் சமயத்தில் ஒளி கொஞ்சம் சுறுசுறுப்பாக இருக்கும் என்று வீடியோவில் கேட்டேன், குளிரும் குறைந்திருக்குமாம். அப்பாவிடம் உன்னைப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அந்தச் சுற்றுலாவில் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் வேண்டும். அப்பாவுக்குப் பெரிய அளவு உடுப்பு, முட்டி மடக்கக் கஷ்டம், அதனால் முன் சீட். எந்த வண்டி, எந்தக் கிழமை என்று நீயே பார்த்து எழுது. அதற்கு முன்னால் அப்பாவிடம் ஏதாவது சொல்லிவைக்க வேண்டும் என்றால் அதையும் எழுது. எப்போது, எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அம்மா