பின்சீற்றில் இருப்பவருக்கும் அளவெடுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஸ்கூட்டிக்குப் பக்கச் சில்லுப் பூட்டித் தரும் கராஜ்காரத் தம்பிமாருக்கும் அண்ணன்மாருக்கும்,

வணக்கம். முதலில் நன்றி. என் வீட்டுக்காரருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஸ்கூட்டிக்குக் கியர் இல்லை, இரண்டு பிரேக்கும் கையில். ஓடும்போது காலுக்கு வேலை இல்லை, நிறுத்தும்போதுதான் ஊன்ற வேண்டும். அந்தக் குறையை உங்கள் இரண்டு சில்லுகளும் தீர்த்தன. எதற்கெடுத்தாலும் ஆட்டோ பிடித்த மனிதர் இப்போது தன்பாட்டில் வயலுக்குப் போய் வருகிறார். அதை மறக்கமாட்டேன்.

நான் எழுத வந்தது பின்சீற்றைப் பற்றி. ஐந்து வருடமாக அதில் நான்தான் இருக்கிறேன். கிளினிக் நாளில் மாமி இருப்பார். எழுபது தாண்டியவர், முதுகெலும்பு தேய்ந்தவர். கொக்கட்டிச்சோலையில் ஏறி மண்முனைப் பாலம், ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி என்று டவுனுக்குப் போய் இறங்கினால் அவரால் உடனே நிமிர முடியாது. வண்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே நிற்பார். 2014இல் அந்தப் பாலம் திறக்கும் வரைக்கும் நாங்கள் பாதையில், அதாவது ஆளையும் வண்டியையும் ஏற்றிப் போகும் மிதவையில், ஏறித்தான் வாவியைக் கடந்தோம். "பாதையில போன காலத்தில எனக்கு இடுப்பு நொந்ததில்ல புள்ள" என்று ஒருநாள் சொன்னார். அன்றைக்குத்தான் எங்கள் வண்டியை நான் குனிந்து பார்த்தேன்.

பக்கச் சில்லு இரண்டையும் பைப் வைத்து சட்டத்தோடு அப்படியே ஒட்டியிருந்தார்கள். சொக் இல்லை, ஸ்பிரிங் இல்லை. இரண்டு சில்லு வண்டி என்றால் குழிக்குப் பக்கத்தால் வெட்டிப் போய்விடலாம். இதற்கு மூன்று தடம். முன்சில்லு தப்பிய குழியில் பக்கச் சில்லு விழும். ஓட்டுகிறவர் நடுவில் இருப்பதால் அவருக்குப் பாதி அடிதான். பின்னால் இருப்பவர் அச்சுக்கு நேர் மேலே, முழு அடியும் முதுகில். இன்னொரு ஆபத்தும் உண்டு. மேடு பள்ளத்தில் பக்கச் சில்லு இரண்டும் ஊன்றிக்கொண்டால் நடுவில் இருக்கும் பின்சில்லு நிலத்தை விட்டுத் தூக்கும். மணலில் அது வெறுமனே சுற்றும், பின்பிரேக்கும் பிடிக்காது.

வேறொரு கராஜில் காட்டி, ஒவ்வொரு சில்லும் தனித்தனியே ஏறி இறங்கும்படி ஆடும் கையும் தனிச் சொக்கும் போட்டோம். செலவுதான். ஆனால் செய்த வேலைகளில் பெரிய மாற்றம் தந்தது அதுதான். காற்றையும் குறைத்தோம். ரயரின் பக்கத்தில் அச்சடித்திருப்பது அது தாங்கும் உச்ச அளவு; அந்த அளவுக்கு அடித்தால் சில்லு கல்லாகிவிடும். இரண்டு பேரும் ஏறியிருந்து, இரண்டு பக்கமும் ஒரே அளவாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்தோம்.

அடுத்தது பிடி. மோட்டார் சைக்கிள் வளைவில் சாயும், ஆளும் கூடச் சாய்வார். பக்கச் சில்லுப் பூட்டிய வண்டி சாயாது, ஆளைத்தான் வெளியே தள்ளும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஆரையம்பதியில் ஒரு திருப்பத்தில் மாமி என் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்ததில் கான்டில் ஆடிவிட்டது. நல்லகாலம், எதிரே ஒன்றும் வரவில்லை. மறுகா இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்குக் கம்பி வைத்து, பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி இறுக்கிச் சுற்றினோம். வெயிலில் கை சுடாது, வியர்வையில் வழுக்காது. பின்னால் சாய ஒரு பலகையும் குஷனும் வைத்தோம்.

சீற்றுக்கு மெத்தென்ற ஸ்பொஞ் மட்டும் போடாதீர்கள். கடையில் அமுக்கிப் பார்க்க நன்றாக இருக்கும், கொஞ்சத் தூரத்தில் அமுங்கித் தகட்டில் இருத்திவிடும். அடியில் இறுகியது, மேலே மெல்லியது என்று இரண்டாகப் போட வேண்டும். கால் வைக்க அகலமான பலகை வேண்டும். கால் தொங்கினால் பாரம் முழுக்க இடுப்புக்கு வரும். சேலை கட்டியவர்களை மறந்துவிடாதீர்கள். பக்கச் சில்லுக்கு மட்காட்டும் உட்பக்கத் தட்டும் இல்லாவிட்டால் முந்தானை ஒரு நொடியில் சுற்றிக்கொள்ளும். சைலன்சருக்கும் ஒரு மறைப்புப் போடுங்கள். என் வலது காலில் அது சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

நீங்கள் அளவெடுப்பது ஓட்டுகிறவருக்கு. கை எட்டுகிறதா, கால் எங்கே வைப்பார் என்று நல்ல கவனமாகத்தான் பார்க்கிறீர்கள். பின்னால் வரப்போவது மனைவியா, தாயா, பள்ளிக்கூடப் பிள்ளையா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவரையும் கூட்டிவரச் சொல்லி ஏற்றிப் பாருங்கள். வண்டியைக் கையில் கொடுக்கும் முன் உங்களில் ஒருவர் பின்சீற்றில் ஏறி, கிறவல் வீதியில் ஒரு மைல் போய் வாருங்கள்.

இப்படிக்கு,
பின்சீற்றில் வரும் ஒரு மனைவி,
கொக்கட்டிச்சோலை