மூன்றாம் தவணை நிறைவும் ஸ்டாம்ஃபோர்ட் சுற்றுலாவும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் மூன்றாம் தவணை முடிகிறது. பேச்சுப் போட்டியில் பிள்ளைகள் நன்றாகப் பேசினார்கள். வாசிப்பில் முன்னேற்றம் தெரிகிறது. ஆண்டிறுதித் தேர்வை எல்லோரும் எழுதிவிட்டார்கள், முடிவுகள் செப்டெம்பரில் கையில் வரும். விளையாட்டுப் போட்டி மழையில் நடந்தது, ஆனாலும் நடந்தது. பாலர் வகுப்பின் ஆத்திசூடியைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம், அதை இன்னொரு முறை பார்ப்போம்.

இந்தக் கடிதம் ஸ்டாம்ஃபோர்ட் சுற்றுலாவைப் பற்றியது.

“இங்கிலாந்தில் பிறந்த பிள்ளைகளுக்கு லண்டனையும் கோயிலையும் விட்டால் வேறு இடம் தெரியாது” என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் சொன்னதில்தான் இது தொடங்கியது. அவர் சொன்னது சரி. அதனால் லிங்கன்ஷயரில், வெல்லண்ட் ஆற்றங்கரையில் உள்ள ஒரு பழைய சந்தை நகரத்தைத் தேர்ந்தெடுத்தோம். சந்தை நகரம் என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டபோது, சுன்னாகம் சந்தையைச் சுற்றி ஊர் வளர்ந்த மாதிரி என்று சொல்லிப் பார்த்தேன். சுன்னாகம் எங்கே என்று கேட்டார்கள். அது உங்கள் வீட்டுப்பாடம்.

ஊர் முழுக்க மஞ்சள் கலந்த சுண்ணாம்புக் கல் வீடுகள். பழைய கட்டடங்களின் அழகு கெடாமல் காக்க, 1967இல் இங்கிலாந்தில் முதன்முதலாகப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட நகரம் இது. இடைக்காலத்துத் தேவாலயங்கள் ஐந்து இன்றும் நிற்கின்றன. அந்த ஐந்தில் மூன்றுக்குள்ளாவது போக வேண்டும் என்பது எங்கள் திட்டம். ஒன்றுக்குள்தான் போனோம். ஏன் என்பதற்குக் கீழே வருகிறேன்.

போன அந்த ஒன்று புனித மார்ட்டின் தேவாலயம். முதலாம் எலிசபெத் அரசியின் திறைசேரியைப் பார்த்துக்கொண்ட வில்லியம் செசில் 1598இல் இறந்து அங்கேதான் அடக்கமானார். கவசம் அணிந்து, கையில் பதவிக்கோலோடு படுத்திருக்கும் அவருடைய சிலையைச் சுற்றிப் பிள்ளைகள் சத்தமில்லாமல் நின்றார்கள். நம்புங்கள், நம்முடைய பிள்ளைகள்தான். ஆனால் அவர்களை உண்மையில் கவர்ந்தவர் செசில் அல்ல, தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் டேனியல் லாம்பேர்ட். லெஸ்டரில் சிறைக் காவலராக இருந்த இவர், 1809இல் இந்த ஊருக்கு வந்த இடத்தில் 39 வயதில் இறந்தார். எடை 335 கிலோ. சவப்பெட்டிக்குச் சக்கரம் பூட்டி, குழியைச் சரிவாக வெட்டித்தான் இறக்கினார்களாம். முதலில் சிரித்த பையன்கள், அந்தக் கல்லில் அவருடைய லெஸ்டர் நண்பர்கள் மரியாதையாக எழுதி வைத்திருப்பதை வாசித்ததும் அடங்கிவிட்டார்கள். உடம்பைப் பார்த்து ஆளைக் கேலி செய்யாதே என்று வகுப்பில் நான் பத்துத் தடவை சொன்னதை அந்தக் கல் ஒரே தடவையில் சொல்லிவிட்டது.

பக்கத்திலேயே ஜார்ஜ் என்ற பழைய விடுதி. அதன் பெயர்ப்பலகை தெருவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை தூக்குமரம் போல நிற்கிறது. லண்டனிலிருந்து யோர்க் போகும் பெருஞ்சாலையில் குதிரை வண்டிகள் நின்று போன இடம். லண்டன் போகிறவர்கள் காத்திருக்க ஓர் அறை, யோர்க் போகிறவர்களுக்கு இன்னோர் அறை, இரண்டும் இன்றும் அந்தப் பெயரிலேயே இருக்கின்றன. “ரீச்சர், அந்தக் காலத்தில் பிந்தி வந்தால் வண்டி நிற்குமா?” என்று ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று கேட்டது. நான் பதில் சொல்லவில்லை. பிள்ளை பதிலை எதிர்பார்த்துக் கேட்டதாகவும் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

காலை 8.00 மணிக்குப் பேருந்து வெளிக்கிடும் என்று வாட்சப்பில் மூன்று தடவை எழுதியிருந்தோம். 7.45க்கே பிள்ளையோடு வந்து நின்றவர்கள் பலர், அவர்களுக்கு முதலில் ஒரு கும்பிடு. 8.00 மணிக்கு 38 பிள்ளைகளில் 27 பேர் இருந்தார்கள். 8.20க்கு 33. கடைசிப் பிள்ளை ஏறியபோது மணி 8.55. மத்தியானம் 1.30க்கு, ஊரை ஒட்டியுள்ள பர்லி மாளிகையில் எங்கள் குழுவுக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள், அதை மாற்ற முடியாது. ஓட்டுநர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓட்டலாம், எவ்வளவு ஓய்வெடுக்க வேண்டும் என்பதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது, அதனால் திரும்பும் நேரத்தையும் தள்ள முடியாது. ஆகவே வெட்டுப்பட்டது நடுவில் இருந்தது. புனித மேரி தேவாலயத்தின் கோபுரத்தை ஆற்றுப் பாலத்தில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. அனைத்துப் புனிதர் தேவாலயத்துக்குப் போகவே இல்லை.

அந்தத் தேவாலயத்தை 15ஆம் நூற்றாண்டில் பெரிதாகக் கட்டியெழுப்பியவர்கள் பிரவுன் என்ற கம்பளி வணிகக் குடும்பத்தார். அவர்களில் ஒருவரான வில்லியம் பிரவுன், ஏழை முதியவர்கள் தங்க ஒரு இல்லமும் கட்டினார். அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது. ஆட்டு ரோமம் விற்ற காசு எப்படிக் கோபுரமாகவும் முதியோர் இல்லமாகவும் மாறியது என்று எங்கள் மாணவி ஒருத்தி ஐந்து நிமிடம் தமிழில் பேச ஆயத்தம் செய்திருந்தாள். பிரவுன் குடும்பத்தாரின் நினைவாகப் பதித்த பித்தளைத் தகடுகளுக்கு முன்னால் நின்று பேசுவதாக ஏற்பாடு. மூன்று வாரம் வீட்டில் அம்மம்மாவுக்குப் பேசிக் காட்டினாளாம். அவள் வீட்டார் அன்று காலை 7.40க்கு வந்தவர்கள். கடைசியில், திரும்பி வரும் பேருந்தில் ஒலிவாங்கியைக் கொடுத்தோம். பேசினாள். பாதிப் பிள்ளைகள் நித்திரை.

பர்லி மாளிகையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மேலே சொன்ன செசில் 1555 முதல் 1587 வரை, 32 ஆண்டுகள் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. (நம்மில் சிலர் ஊரில் கட்டும் வீடும் அப்படித்தான் போகிறது.) புகைபோக்கிகளைக்கூடத் தூண் வடிவில் எழுப்பியிருக்கிறார். வெரியோ என்ற இத்தாலிய ஓவியர் ஓர் அறை முழுவதும் சொர்க்கத்தைத் தீட்டி, அதற்கு அடுத்த படிக்கட்டின் கூரையில் நரகத்தைத் தீட்டியிருக்கிறார். நரகத்தின் வாசல் ஒரு பெரிய பூனையின் வாய். வீட்டுக்கு வந்து பிள்ளைகள் உங்களிடம் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். பழைய சமையலறையில் அடுக்கியிருந்த செம்புப் பாத்திரங்களைப் பார்த்து, எங்களோடு வந்த ஒரு தாய் “இதை யார் தேய்க்கிறது?” என்று கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. வெளியே மான்கள் மேயும் பூங்காவில், உச்சி வெயிலில் புளிச்சாதம்.

மாலை நடந்ததுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. 6.30க்குத் திரும்புவோம் என்று சொல்லியிருந்தோம். பீட்டர்பரோவைத் தாண்டியதும் 6.50 ஆகும் என்று செய்தி அனுப்பினோம். 6.48க்கு வந்து இறங்கினோம். 7.00 மணிக்கு மண்டபத்தைப் பூட்ட வேண்டும், பிறகு நடைபாதைதான். 7.15க்கு நடைபாதையில் 11 பிள்ளைகள். 8.00 மணிக்கு நான்கு. கடைசிப் பிள்ளை போனபோது மணி 8.35.

காரணங்கள் எல்லாம் உண்மையானவைதான், எனக்குத் தெரியும். அன்று ஒரு கோயிலில் தேர். ஒரு வீட்டில் அப்பா வருவார் என்று அம்மாவும், அம்மா வருவார் என்று அப்பாவும் இருந்துவிட்டார்கள். இன்னொரு வீட்டார் மாமா ஒருவரை அனுப்பினார்கள். நல்ல மனிதர், ஆனால் பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்ற எங்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. தொலைபேசியை யாரும் எடுக்காததால் அவரை 20 நிமிடம் நிற்க வைக்க வேண்டி வந்தது. அவரிடம் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். திரும்பவும் அப்படி நேர்ந்தால் திரும்பவும் நிற்க வைப்பேன்.

ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆசிரியர்கள் சம்பளத்துக்கு வருகிறவர்கள் அல்ல. அன்று கடைசிவரை நின்ற இரண்டு ஆசிரியைகளுக்கும் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். “தமிழ் நேரம்” என்று நாம் சிரித்துப் பேசுவது கலியாண வீட்டுக்குச் சரி. நடைபாதையில் வருகிற ஒவ்வொரு காரையும் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. செப்டெம்பரிலிருந்து சுற்றுலாப் பேருந்து சொன்ன நேரத்துக்கு மேல் பத்து நிமிடம்தான் நிற்கும், பிறகு வெளிக்கிடும், கட்டிய காசும் திரும்பாது. மாலையில் அரை மணி நேரத்துக்கு மேல் பிந்தி, தந்த இலக்கங்களில் ஒருவரும் கிடைக்காவிட்டால், பிள்ளைகள் பாதுகாப்பு விதிப்படி உள்ளூராட்சி மன்றத்தின் சமூக சேவைப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டியிருக்கும். சனிக்கிழமை வகுப்புகளுக்கும் இதேதான். இதை எழுத எனக்கே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். இத்துடன் வரும் படிவத்தில், பிள்ளையைக் கூட்டிப் போகக்கூடிய இருவரின் பெயரையும் இலக்கத்தையும் எழுதி, தவணையின் கடைசி வகுப்பில் தந்துவிடுங்கள்.

வேலை முடிந்து ஓடி வருகிறவர்கள், இரண்டு பேருந்து மாறி வருகிறவர்கள், தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். நேரத்துக்கு வர முடியாது என்று முன்கூட்டியே தெரிந்தால் ஒரு செய்தி போதும், ஏதாவது ஒழுங்கு செய்வோம். இதுவரை அப்படிக் கேட்ட யாருக்கும் நாங்கள் இல்லை என்று சொன்னதில்லை.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து புளிச்சாதம் கட்டித் தந்த அம்மாக்களுக்கும், ரோல்ஸ் பொரித்துத் தந்த வீட்டாருக்கும், பிள்ளைகளை எண்ணி எண்ணியே களைத்துப்போன உதவிப் பெற்றோருக்கும் நன்றி. 7.30க்குத் தன் மகளைக் கூட்டிப் போன ஒரு தந்தை, வீட்டுக்குப் போய்த் தேநீர்க் குடுவையோடு திரும்பி வந்து, கடைசிப் பிள்ளை போகும்வரை எங்களோடு நின்றார். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

அன்புடன்,
தலைமையாசிரியை

பி.கு.: பேருந்தில் மூன்று குடைகள், ஒரு நீலத் தொப்பி, திறக்காத பற்றீஸ் பெட்டி ஒன்று கிடைத்தன. குடைகளையும் தொப்பியையும் வரும் சனிக்கிழமை பெற்றுக்கொள்ளலாம். பற்றீஸை ஆசிரியர்கள் சாப்பிட்டுவிட்டோம்.