விளக்கு எரிகிறது என்று நம்பி வாகனத்தைச் சரிவில் உருட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

மார்கழி, தை மாதங்களில் நுவரெலியா, நானுஓயா, லிந்துலைப் பக்கங்களில் விடியற்காலை வேளையில் நாலைந்து பேர் சேர்ந்து வாகனத்தைத் தள்ளிக்கொண்டு போவது நமக்குப் பழகிப்போன காட்சி. சாவியைத் திருப்பினால் டேஷ்போர்ட் விளக்குகள் எரிகின்றன, ஹோர்ன் அடிக்கிறது, ஹெட்லைட்டும் எரிகிறது. எஞ்சின் மட்டும் ஸ்டார்ட் ஆவதில்லை. "விளக்கு எரிகிறதே, பெட்டரியில் கோளாறு இருக்காது" என்று முடிவு கட்டி, சிலர் சரிவில் உருட்டிப் பார்க்கிறார்கள். சிலர் கராஜுக்குக் கொண்டுபோய், எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டரையே மாற்றிவிடுகிறார்கள். முன்னது உயிருக்கு உலை வைக்கும். பின்னது வீண் செலவு. அதனால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சாதாரண ஹெட்லைட்டுகள் இரண்டும் சேர்ந்து இழுப்பது ஏறத்தாழ 10 அம்பியர்தான். ஸ்டார்ட்டர் மோட்டரோ சிறிய பெற்றோல் காரிலேயே 100 முதல் 200 அம்பியர் வரை கேட்கும். டீசல் வேனில் அதற்கும் மேலே போகும். ஆகவே வற்றிய பெட்டரி விளக்கை எரிய வைத்தாலும், எஞ்சினைச் சுழற்றாமல் போகலாம். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் புல்தரை உறைபனியால் வெளுக்கும் காலைகளில் நிலைமை இன்னும் மோசமாகும். உறைநிலையை நெருங்கும் குளிரில் பெட்டரியின் திறன் மூன்றில் ஒரு பங்களவு குறைந்துவிடும், அதே குளிரில் எஞ்சின் ஒயிலும் கெட்டியாகிச் சுழற்றுவதற்கு மேலும் வலுக் கேட்கும். டவுனுக்கும் தோட்டத்துக்கும் இடையே குறுகிய தூரம் மட்டும், அதுவும் பனிமூட்டத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடும் வாகனங்களின் பெட்டரி ஒருநாளும் நிறையச் சார்ஜ் ஆவதில்லை என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

கோளாறு எங்கே என்று கண்டறிய அந்த விளக்கே உதவும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, ஒருவர் முன்னால் நின்று பார்க்க, மற்றவர் சாவியைத் திருப்ப வேண்டும். வெளிச்சம் மங்கி அணையப் போவதுபோல் ஆனாலோ, "டக்-டக்-டக்" என்று விடாமல் சத்தம் கேட்டாலோ, பெட்டரியை அல்லது அதன் இணைப்புகளைச் சந்தேகிக்க வேண்டும். வெளிச்சம் குறையாமலே "டக்" என்று ஒரே ஒரு சத்தம் வந்தால் அப்போது ஸ்டார்ட்டர் பக்கம் போகலாம். வெளிச்சமும் குறையவில்லை, சத்தமும் இல்லை என்றால், ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே, சாவி சுவிட்ச், ஒட்டோ கியர் வாகனத்தில் கியர் நிலையை அறியும் சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒட்டோ கியரை 'பார்க்'கிலிருந்து 'நியூட்ரலு'க்கு மாற்றித் திருப்பிப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் அது வேறு கதை. எரிபொருளையும் பிளக்கையும் அங்கே தேட வேண்டும்.

பெட்டரியைக் குறைசொல்லும் முன்னர் அதன் முனைகளைப் பாருங்கள். பிளஸ் முனையின் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினால், உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருப்பதையும், கவ்வி கையால் திருகினாலே அசைவதையும் பல வாகனங்களில் காணலாம். அந்தப் பொடியைத் தாண்டி விளக்குக்கு வேண்டிய மின்சாரம் போகும், ஸ்டார்ட்டருக்கு வேண்டியது போகாது. முதலில் மைனஸ் வயரைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினாலே பல நேரம் வேலை முடிந்துவிடும். மைனஸ் வயர் போடியிலும் எஞ்சினிலும் பிடித்திருக்கும் இடத்தையும் மறக்கக் கூடாது. நம் ஊர் மழையில் அது துருப்பிடிக்காமல் இருப்பதுதான் அபூர்வம்.

உருட்டும் பழக்கத்தைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கு வலுக்கொடுக்கும் பூஸ்டர் வேலை செய்யாது. அதில் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதிகளில் தீர்ந்துவிடும், இரவு முழுக்க நின்ற வாகனத்தில் அதுவும் இருக்குமென்று சொல்ல முடியாது. அதன்பின் பெடல் கல்லாக இறுகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் கனத்துப்போகும். சாவியை உருவியிருந்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறு பக்கம் மண்மேடு என்றிருக்கும் தோட்டப் பாதையில், அடுத்த கொண்டை ஊசி வளைவு எத்தனை அடியில் இருக்கிறது என்பதை உருட்டுகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். தள்ளித்தான் தீர வேண்டுமென்றால், மெனுவல் கியர் வாகனத்தை மட்டும், சமதரையில், ஆட்களை ஏற்றாமல், இரண்டாம் கியரில் முயலலாம். ஒட்டோ கியர் வாகனங்களும், அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் வாகனங்களும் தள்ளி ஸ்டார்ட் ஆகமாட்டா. ஹைபிரிட்டிலும் சிறிய 12 வோல்ட் பெட்டரி ஒன்று தனியாக இருக்கிறது. அது வற்றினால் பெரிய பெட்டரி நிறைந்திருந்தும், வாகனம் ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு வராது.

பக்கத்து வாகனத்திலிருந்து ஜம்ப் வயர் போடுவது இதைவிடப் பாதுகாப்பானது. பிளஸ்ஸைப் பிளஸ்ஸுடன் இணைத்து, நல்ல பெட்டரியின் மைனஸிலிருந்து வரும் வயரை, நின்றுபோன வாகனத்தின் எஞ்சினில் பெட்டரிக்குத் தள்ளியுள்ள இரும்புப் பகுதியில் கவ்வ வேண்டும்; பெட்டரியருகே தீப்பொறி பறக்கக் கூடாது என்பதே காரணம்.

கராஜ்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நின்ற நிலையில் நிறைந்த பெட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. ஸ்டார்ட் பண்ணும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பெட்டரி பலவீனம். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வாகனங்களில் 13.8 முதல் 14.4 வரை வராவிட்டால், பெட்டரியைச் சார்ஜ் செய்யும் ஓல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். இந்த அளவுகளை மல்டிமீட்டரில் எடுத்து, ஸ்டார்ட்டரைக் கழற்றும் முன்பே உரிமையாளரிடம் காட்டுங்கள். நள்ளிரவில் பிரசவ வலியெடுத்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்தில் ஒரே ஒரு வேன்தான் இருக்கிறது என்ற நிலை இங்கு பல இடங்களில் உண்டு. அந்த வேன்களின் பெட்டரியையும் முனைகளையும் குளிர்காலம் தொடங்கும் முன்பே சோதித்துக் கொடுக்க கராஜ்காரர்கள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொட்டகலை.