போவியின் ரசிகர்கள் தலையாட்டிகள் அல்லர்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இதழில் ஆங்கிலேய ராக் பாடகர் டேவிட் போவி பற்றிய கட்டுரை படித்தேன். அவர் எதைப் போட்டாலும் ரசிகர்கள் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடினார்கள் என்று எழுதியிருப்பது சரியில்லை. 1973இல் ஸிகி ஸ்டார்டஸ்ட் என்ற தன் மேடை வேடத்தை லண்டன் மேடையிலேயே முடித்துவைத்தார். அப்புறம் கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசைக்குப் போனார். 1977இல் வந்த 'லோ' இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் பாட்டு வரிகளே அபூர்வம். ஒவ்வொரு திருப்பத்திலும் ரசிகர்கள் சண்டை பிடித்துக்கொண்டுதான் கூட வந்தார்கள்.

எங்கள் சித்தப்பாவையே எடுங்கள். 1983இல் 'லெட்ஸ் டான்ஸ்' வந்து ஊர் உலகமெல்லாம் ஆடியபோது, "இது கல்யாண வீட்டுப் பாட்டு" என்று கசெட்டை அலுமாரிக்குப் பின்னால் எறிந்தவர். (உடைக்கவில்லை, கவனியுங்கள்.) 2016 ஜனவரி 8, போவியின் 69ஆவது பிறந்தநாளில், ஜாஸ் கலைஞர்களோடு செய்த 'பிளாக்ஸ்டார்' இசைத்தட்டு வெளிவந்தது. இரண்டு நாளில் ஆள் போய்விட்டார். டச்பே கடற்கரையில் கச்சான் கொறித்தபடி சித்தப்பாவும் கூட்டாளிகளும் இன்றைக்கும் அந்த இசைத்தட்டைப் பற்றித் தர்க்கம் பண்ணுகிறார்கள். ஒருவருக்கும் முழுசாகப் பிடிக்கவில்லை, ஒருவரும் விடுவதாயும் இல்லை.

கட்டுரையாளர், எழுபதுகளின் பிற்பகுதியில் போவி பேர்லினில் வாழ்ந்த காலத்தை இரண்டு வரியில் தாண்டிவிட்டார். அதைப் பற்றித் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்,
உவர்மலை, திருகோணமலை.