நெடுந்தீவில் ஓர் இரவாவது தங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் ஞாயிறு இதழில், யாழ்ப்பாணக் கரைக்கு அப்பால் உள்ள நெடுந்தீவுக்கான பயணம் பற்றி வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். காலையில் குறிகட்டுவானில் படகேறி, மாவிலித்துறையில் இறங்கிய கையோடு ஓட்டோ பிடித்து, ஏழு இடங்களைப் பார்த்துவிட்டுப் பிற்பகற் படகுக்குத் திரும்பிவிடலாம் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. திரும்பிவிடலாம்தான், ஆனால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலில் ஆடி அசைந்து போய்ச் சேர்ந்த தீவை அப்படி அவசரமாகப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்பதே என் கேள்வி.

அங்கு போனால் முதலிற் செய்ய வேண்டியது நடப்பது. காணிகளைச் சுற்றியுள்ள மதில்கள் சாந்து எதுவும் பூசாமல், முருகைக்கற்களை, அதாவது பவளப்பாறைக் கற்களை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே எழுப்பப்பட்டவை. ஓட்டோவில் போகிறவருக்கு அவை வெறும் சாம்பல் நிறக் கோடு. குனிந்து ஒரு கல்லைப் பார்த்தால், ஒரு காலத்தில் கடலுயிர் குடியிருந்த நுண்ணிய குழிகளும் பூவிதழ் போன்ற வரிகளும் தெரியும். கல்லிடுக்குகளால் நுழைந்து வரும் காற்று முகத்தில் படும். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் கோட்டையின் இடிபாடும் இதே கல்தான். ஆண்டவனும் ஆளப்பட்டவனும் ஒரே கடலிலிருந்து கல்லெடுத்திருக்கிறார்கள். ஒற்றைத் தூணின்மேல் நிற்கும் புறாக்கூடும், உள்ளே ஆட்கள் நுழைந்து நிற்கக்கூடிய பெருக்கமரமும் (பாவோபாப்) கட்டாயம் பார்க்க வேண்டியவை. வளர்வதாகச் சொல்லப்படும் கல்லுக்கும், பாறையில் பதிந்த மனிதப் பாதச்சுவடு எனப்படுவதற்கும் கட்டுரையாளர் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார். நான் அவற்றுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கொடுக்கமாட்டேன்.

மட்டக்குதிரைகளே இரவு தங்கச் சொல்வதற்கான முதற் காரணம். ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்த இவை, தீவின் தென்பகுதி வெளிகளில் கூட்டங்கூட்டமாகத் திரிகின்றன. நடுப்பகலில் தூரத்தில் தெரியும் புள்ளிகளைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புவோர் பலர். வெயில் தாழ்ந்த பின், தாய்க்குதிரை முன்னே வர, குட்டி அதன் வயிற்றோடு ஒட்டியபடி தண்ணீரைத் தேடி நடந்து வரும் காட்சியை, படகைப் பிடிக்க ஓடுகிறவர் காணமாட்டார். கோடையில் நீர்நிலைகள் வற்றும்போது இக்குதிரைகள் தாகத்தால் மடிவதும் உண்டு. 2015இல் இப்பகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின்னரும் இந்நிலை முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. அவற்றுக்குப் பிஸ்கட் நீட்டுவதைப் பயணிகள் நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

கட்டுரையில் குமுதினிப் படகைப் பற்றி ஒரு வரியும் இல்லாதது என்னை வருத்தியது. 1985 மே 15ஆம் நாள், இதே நீர்வழியில் அப்படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டுப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர்; தீவு மக்கள் அந்நாளை ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றனர். உல்லாசப் பயணம் போகிறவர் அழ வேண்டியதில்லை, ஆனால் எந்தக் கடலில் போகிறோம் என்பதை அறிந்து போகலாம்.

சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று பலமாக வீசும் மாதங்களில் படகு ஆடுகிற ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்குத் தாங்காது. மாசி, பங்குனி மாதங்களே உகந்தவை. நல்ல தண்ணீர் அத்தீவில் அரிது என்பதால், குடிநீரைக் கையோடு கொண்டுபோவது ஊரவருக்குச் செய்யும் உதவியுமாகும். மதிலிலிருந்து ஒரு சிறு கல்லைத்தானும் நினைவுப் பொருளாக எடுத்து வரக்கூடாது.

இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, அவ்வாரத்துப் படகு நேரங்களையும் தீவில் இரவு தங்கக்கூடிய இடங்களின் விபரங்களையும் விசாரித்து, ஒரு சிறு பெட்டிச் செய்தியாகவேனும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.